மேடத்தின் கதவுக்கு வெளியே

இந்தப் பொலிஸ் நிலையத்தில் தருகிற கோப்பி எங்கள் முதியோர் இல்லத்துக் கோப்பியைவிட நன்றாக இருக்கிறது. எங்கள் இடத்தில் விடியற்காலையில் ஊற்றி வைத்ததை மத்தியானம் வரை சூடு காட்டிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் தார் மாதிரி ஆகிவிடும். பக்கத்து அறையில் இருக்கும், என்னோடு வேலை செய்கிற நிறோஷினி கோப்பி குடிக்க மாட்டாள். அவளுக்குப் பால் விடாத தேநீர் கொடுக்கச் சொல்லுங்கள். காலையிலிருந்து அழுதபடி இருக்கிறாள். அழுகிற பிள்ளைக்குச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும்.

பாலேந்திரா அண்ணை, எனக்கு டெனிஷ் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மொழியில்தான் இத்தனை வருடமாக வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறேன், சாப்பாடு ஊட்டுகிறேன், செத்தவர்களின் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்கிறேன். ஆனாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன். டெனிஷில் பேசினால் எனக்கு எல்லாம் வேலைப் பேச்சாகிவிடும். இதைக் குறைக்காமல் சொல்ல வேண்டும். நான் சொல்வதைச் சொன்னபடியே இந்தப் பொலிஸ் அம்மாவுக்குச் சொல்லுங்கள். தமிழ்ப் பள்ளிக்கூட விழாவில் வடை சுடுகிற மேரிசெலினாக என்னை இப்போது நினைக்க வேண்டாம்.

நிறோஷினி ஒன்றும் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் நானாகவே வந்தேன். மேடத்தின் அறையில் இருக்கும் தோட்டத்துக் கதவின் அலாரத்தை அவள் நிறுத்திவைத்தது உண்மை. மேடம் அந்தக் கதவால் பனிக்குள் இறங்கிப்போய் ஏரிக்கரையில் விழுந்து குளிரில் இறந்து கிடந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறீர்கள். அலாரம் அடித்திருந்தால் யாராவது ஓடி வந்திருப்பார்கள் என்கிறீர்கள். ஓடி வரத் தேவையில்லை. அறையின் மற்றக் கதவுக்கு வெளியே, நடைபாதையில், நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

முதலில் மேடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்தச் சில்க்போர்க் ஊரில் அவரை லௌரிட்சன் என்ற கடதாசி ஆலை எஞ்சினியரின் மனைவியாகத்தான் எல்லோருக்கும் தெரியும். மாமலேட் காய்ச்சுவார், மாலை வகுப்பில் ஆங்கிலம் படிப்பிப்பார், எழுபது வயது வரைக்கும் பாட்மின்டன் விளையாடினார். அதற்கு முன்னால் அவர் ஐரிஸ் கெம்ப்டன். இங்கிலாந்தின் வடக்கில் ஒரு கடற்கரைப் பட்டினத்தில் மீன் பொரித்து விற்கிற கடைக்காரரின் மகள். பதினேழு வயதில் ஊர் நாடகமொன்றில் நடித்தபோது லண்டன் ஸ்டூடியோ ஆள் ஒருவர் கண்டு கூட்டிக்கொண்டு போனார். முதல் படத்தில் தட்டு ஏந்தி வருகிற தாதி. இரண்டாவது படத்தில் கதாநாயகி.

இதையெல்லாம் அவருடைய மகன் ஹென்றிக் எனக்குச் சொன்னார். எங்கள் இல்லத்துக்கு வந்து சேருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. அந்த ஆளின் வாழ்க்கையை அவர்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எதை விரும்பிச் சாப்பிட்டார், யாரைக் கட்டினார், எதற்குச் சிரித்தார், எதற்குப் பயந்தார் என்பதெல்லாம். நினைவு போனவர்களுக்கு அவர்களின் நினைவை நாங்கள் வைத்திருந்து கொடுக்க வேண்டும் என்பது இங்கே சொல்லித்தருகிற பாடம். மேடத்துக்கு நான் பொறுப்பாளர்.

அந்த இரண்டாவது படத்தில் மேடம் பெரிய வீடொன்றில் தனியாக இருக்கிற இளம் மனைவி. கதவின் கைப்பிடி மெதுவாகத் திரும்புகிறது. யாரும் உள்ளே வருவதில்லை. சங்கீதம் இல்லை. கைப்பிடியும் மேடத்தின் முகமும் மட்டும். அந்த முகத்தைப் பார்க்க லண்டன் முழுக்க வரிசையில் நின்றதாம். பிறகு வந்த படங்களிலெல்லாம் அதே முகத்தைத்தான் கேட்டார்கள். புருஷனுக்குப் பயப்படுகிறவள், மாமனுக்குப் பயப்படுகிறவள், ரயிலில் எதிரே இருக்கிறவனுக்குப் பயப்படுகிறவள். ஒருமுறை சிரிப்புப் படம் வேண்டும் என்று மேடமே கேட்டு வாங்கி நடித்தார். சனம் அவர் எப்போது பயப்படுவார் என்று கடைசிவரை பார்த்திருந்துவிட்டு ஏமாந்து வீட்டுக்குப் போனதாம்.

இருபத்தெட்டாவது வயதில் ஒரு படத்தைத் தொடக்கி வைக்கக் கோப்பன்ஹேகன் வந்தார். விருந்தில் பக்கத்துக் கதிரையில் லௌரிட்சன். அவர் மேடத்தின் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. அந்தக் காரணத்துக்காகவே அவரைக் கட்டினேன் என்று மேடம் பிள்ளைகளிடம் சொல்வாராம். அதன் பிறகு அவர் நடிக்கவில்லை. தன் படங்களைப் பார்த்ததும் இல்லை.

ஹென்றிக் இன்னொன்றும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “எங்கட வீட்டிலை உள்கதவு ஒண்டும் இல்லை. அம்மா எல்லாத்தையும் கழட்டிப் பரணிலை போட்டிட்டா. குளியலறைக்குக்கூட ஒரு திரைச்சீலைதான். என்ர சிநேகிதங்கள் வீட்டுக்கு வரவே வெக்கப்படுவாங்கள்.”

ஏன் என்று கேட்கவில்லையா என்றேன்.

“கேட்டால், காத்து வரட்டும் எண்டு சொல்லுவா.”

எங்கள் இல்லத்தில் எல்லா அறைகளுக்கும் கதவு உண்டு. அதை யாரும் அன்று யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

இந்த நாட்டில் எல்லோரையும் முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வைத்தியரையும் அப்படித்தான், தொண்ணூற்று நாலு வயதுக்காரியையும் அப்படித்தான். ஐரிஸ், ஐரிஸ் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு வயதில் மூத்தவரைப் பெயர் சொல்ல நாக்கு எழும்புவதில்லை. மேடம் என்றேன். உடனே திரும்பினார். அதிலிருந்து நான் சொன்னால் மட்டும் கையைத் தூக்குவார், காலை நீட்டுவார். நிறோஷினி என்னை வைத்துப் பகிடி பண்ணினாள்.

“செலின் அன்ரி, ராணியம்மாவுக்குச் சாமரம் வீசப் போறியளோ? சம்பளம் கூட்டிக் கேளுங்கோ.”

“நீ போய் உன்ர வேலையைப் பார் பிள்ளை.”

“பாக்கிறன். ஆனா எனக்கு வயசுபோனா என்னையும் மேடம் எண்டுதான் கூப்பிடோணும். இப்பவே சொல்லிப்போட்டன்.”

அவள் நல்ல பிள்ளை. இங்கேயே பிறந்தவள். ஆனாலும் என்னோடு தமிழில்தான் கதைப்பாள். என் சொந்த மகன் சுஜிந்தன் டெனிஷில்தான் பதில் சொல்வான், அதுவும் ஒரு சொல்லில்.

மேடம் என்னை டோரா என்று கூப்பிட்டார். ஸ்டூடியோவில் அவருக்கு உடை மாற்றிவிட்ட பெண்ணின் பெயர் அது. நினைவு போனவர்களைத் திருத்தக் கூடாது, அவர்கள் இருக்கிற இடத்துக்கு நாங்கள் போக வேண்டும் என்பது எங்கள் விதி. நான் டோராவாகவே இருந்தேன். ஆனால் டோராவை மேடம் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கையை நீட்டுவார், நான் சட்டையை மாட்டுவேன். சுவரில் இருக்கும் கொளுக்கியை எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் என்னையும் பார்த்தார். அதற்காக நான் மனவருத்தப்படவில்லை. இந்த வேலைக்கு வந்தபோது சொல்லித்தந்த முதல் பாடமே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில் என்பதுதான். அவர்களே பொத்தான் போடட்டும், அவர்களே கரண்டியைப் பிடிக்கட்டும். ஒருநாள் நீ தேவையில்லாமல் போனால் அது உன் வெற்றி என்பார்கள். வீட்டில் அந்த வெற்றி எனக்கு முன்பே கிடைத்திருந்தது.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொலிஸ் அம்மா அதைக் கேட்பார். மன்னாரில் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஆமிக்காரரின் சப்பாத்துச் சத்தம் எங்கள் வாசல் படலையடியில் வந்து நிற்கும். அம்மா என்னைத் தன் நெஞ்சோடு சேர்த்து, வாயையும் பொத்திக்கொண்டு, குசினி மூலையில் குந்துவார். அவருடைய இதயம் என் முதுகில் இடிக்கும். பிறகு சத்தம் விலகிப் போகும். அம்மா என்னை விட்டுவிட்டு அரிசி கழுவப் போய்விடுவார். அந்த நேரங்களைத் தவிர அம்மா என்னை அப்படி இறுக்கிப் பிடித்தது கிடையாது. நாங்கள் ஒன்பது பிள்ளைகள், அவரைக் குறை சொல்ல முடியாது.

போன டிசம்பரில் மேடம் சாப்பாட்டை நிறுத்தினார். தண்ணீரும் குடிப்பதில்லை. உதட்டில் வெடிப்பு. எழுந்து நிற்பதும் இல்லை. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, வற்புறுத்த வேண்டாம், இது முடிவின் தொடக்கமாக இருக்கலாம் என்று சொன்னார். ஹென்றிக் நடைபாதையில் நின்று மூக்கைச் சிந்தினார்.

அந்தக் கிழமை ஒருநாள் காலை நான் ஒரு கையில் கஞ்சித் தட்டும் மற்றக் கையில் துடைக்கிற துவாய்களுமாக வந்தேன். முழங்கையால் கைப்பிடியை அழுத்தினேன். பாதிவரை இறங்கி, வழுக்கி, மெதுவாக மேலே வந்தது. திரும்பவும் அழுத்தினேன். திரும்பவும் வழுக்கியது. உள்ளே கதிரை தட்டுப்படும் சத்தம் கேட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

மேடம் எழுந்து நின்றார். சுவரோடு முதுகை ஒட்டி, இரண்டு கையையும் பின்னால் விரித்து நின்றார். அந்த முகத்தை என்னால் சொல்லத் தெரியவில்லை, அண்ணை. தோல் அதே தோல்தான், சுருக்கமும் இருந்தது. ஆனால் கண்கள் இரண்டும் அகல விரிந்து, வாய் லேசாகத் திறந்து, கழுத்து நரம்பு எழும்பி, உள்ளேயிருந்து வேறொரு பெண் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைக் கண்டார்.

“டோரா, நீயா? கடவுளே, நீதானா?”

ஓடி வந்தார் என்று சொல்ல முடியாது, விழுந்தபடி வந்தார். என்னைக் கட்டிப் பிடித்தார். எலும்பும் தோலுமான அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்குமென்று நினைக்கவில்லை. அவருடைய நெஞ்சு இடிப்பது என் சட்டைக்கு மேலால் தெரிந்தது. நான் அவரை இருத்தி, தலையைத் தடவி, யாரும் இல்லை, நான் பார்த்துவிட்டேன், யாரும் இல்லை என்றேன். என் கையை விடாமலே கஞ்சி முழுவதையும் சாப்பிட்டார். இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தார். குடிக்கும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்தார்.

அடுத்த நாள் கஞ்சியைத் தொடவில்லை. அதற்கு அடுத்த நாளும் தொடவில்லை. நான் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். கைப்பிடியைத் திருப்பினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. பொலிஸ் அம்மா இதைக் கவனிக்க வேண்டும். இந்த நாட்டில் வயதானவரை அறையில் வைத்துப் பூட்டினால் அது குற்றம், அனுமதி எடுக்க வேண்டும். நான் பூட்டவில்லை. அடிக்கவில்லை, உரத்துப் பேசவில்லை, ஒரு நாளும் அவரைக் கிள்ளியதுகூட இல்லை. கைப்பிடியைத் திருப்பினேன், விட்டேன். பிறகு உள்ளே போய் யாரும் இல்லை என்று சொன்னேன். அது உண்மையும்கூட. வெளியே என்னைத் தவிர யாரும் இருந்ததில்லை.

ஜனவரியில் மேடத்தின் உடல் நிறை கூடியது. நடந்தார். வசனம் வசனமாகப் பேசினார். ஹென்றிக் என்னைக் கட்டிப்பிடித்து, அம்மாவைத் திருப்பித் தந்துவிட்டாய் என்றார். இல்லத்தின் பொறுப்பதிகாரி கூட்டத்தில் என்னை எழுப்பி, எப்படிச் செய்தாய், மற்றவர்களுக்கும் சொல் என்றார். மரியாதையாகக் கூப்பிட்டேன் என்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஹென்றிக் அந்தப் படத்தின் டிவிடியைப் பரிசாகத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து போட்டுப் பார்த்தேன். என் புருஷன் பேதுரு சோபாவில் சாய்ந்திருந்தார்.

“உந்தக் கறுப்பு வெள்ளையிலை என்னடியப்பா கிடக்கு? ஒரு பாட்டுமில்லை, ஒரு சண்டையுமில்லை. கதவைத்தான் காட்டுறான். கதவு விக்கிற விளம்பரமே?”

“சும்மா இருங்கோ.”

“நான் சும்மாதான் இருக்கிறன். அந்தப் பெட்டைதான் சும்மா இருக்கிறாளில்லை. போய்த் திறந்து ஆரெண்டு பாக்கலாமே.”

அவர் நித்திரையாகிவிட்டார். நான் அந்தக் காட்சியை மறுபடி மறுபடி பார்த்தேன். படத்தில் கைப்பிடி ஒரே ஓட்டத்தில் திரும்புவதில்லை. பாதியில் நிற்கும். நின்றுவிட்டது, போய்விட்டான் என்று மேடம் மூச்சு விடுகிறபோது மிச்சத்துக்குத் திரும்பும். நான் அதுவரை அவசரப்பட்டிருக்கிறேன் என்று விளங்கியது. திங்கட்கிழமை பாதியில் நிறுத்தினேன். மேடம் மூச்சு விடுவது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. பிறகு மிச்சத்தைத் திருப்பினேன்.

அன்றைக்குத்தான் மேடம் அந்தக் கதையைச் சொன்னார். என் மடியில் தலை வைத்திருந்தார். நினைவு தெளிந்திருந்த நேரம். அந்தப் படத்தின் டைரக்டர் நல்ல உடுப்புப் போடுகிற, மெல்லப் பேசுகிற மனிதராம். முதல் நாள் மேடம் நடித்தது பிடிக்கவில்லையாம். நீ பயந்தவள் மாதிரி நடிக்கிறாய், எனக்கு அது வேண்டாம் என்றாராம். பிறகு அந்தச் செட் அறைக்குள் மேடத்தை விட்டு வெளியால் பூட்டினார்கள். கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள், எப்போது வருவார்கள், வந்து என்ன செய்வார்கள் என்று சொல்லவில்லை. விளக்கணைத்தார்கள். கைப்பிடி திரும்பும், நிற்கும், திரும்பும். ஒரு நாள் முழுக்க. மேடத்துக்குப் பதினெட்டு வயது. அழுது, கத்தி, அம்மாவைக் கூப்பிட்டு, கடைசியில் சத்தம் போய்விட்ட பிறகுதான் கமரா ஓடியது. உலகம் பார்த்தது அதைத்தான்.

“எல்லாம் முடிஞ்ச பிறகு அந்தாள் வந்து என்ர தலையைத் தடவினான், டோரா” என்றார் மேடம். “யாரும் இல்லை, நான்தான் எண்டு சொன்னான். அதுதான் எல்லாத்திலும் பயமாயிருந்தது.”

நான் அழுதுவிட்டேன். அந்த மனிதர் உயிரோடு இருந்தால் பொலிசில் கொடுத்திருப்பேன். ஒரு படத்துக்காக, பெயருக்காக ஒரு பிள்ளையை அப்படிச் செய்யலாமா. மேடத்தின் முகத்தைத் துடைத்து, அவருக்குப் பிடித்த ரோஜா மணக்கிற கிறீமைக் கையில் பூசிவிட்டேன். அடுத்த நாள் காலையும் கதவைச் சாத்திவிட்டுக் கைப்பிடியைத் திருப்பினேன். அவர் செய்தது வேறு, நான் செய்தது வேறு. எனக்கு அதில் பெயரும் இல்லை, லாபமும் இல்லை. மேடம் சாப்பிட வேண்டும்.

நிறோஷினிதான் முதலில் கவனித்தாள். மேடம் எந்நேரமும் கதவையே பார்த்தபடி இருக்கிறார், விளக்கைப் போட்டே வைக்கச் சொல்கிறார், கதவுப் பக்கம் முதுகு காட்டி இருப்பதில்லை என்றாள்.

“அன்ரி, அவ நடுங்கிறா. கதவைத் திறந்து விடுங்கோவன். ஆர் என்ன செய்யப் போகினம்?”

“மற்றாக்கள் உள்ளுக்குப் போய்ச் சாமானை எடுப்பினம் பிள்ளை.”

“எடுத்தா எடுக்கட்டும். ஒரு சீப்பும் கம்பளிக் காலுறையும்தானே கிடக்கு.”

என் லீவு நாட்களில் அவள் கதவை அகலத் திறந்து வைத்து, வாசலிலேயே கதிரையைப் போட்டுக் குந்தியிருந்தாள். தோட்டத்துக் கதவையும் திறந்து, மேடத்தோடு சேர்ந்து குருவிகளுக்குத் தீனி போட்டாள். அந்தக் கதவைத் திறக்கும்போது அலாரம் அலறும், மேடம் அதற்கும் துள்ளி எழும்புவார். அதனால்தான் நிறோஷினி அதை நிறுத்தத் தொடங்கினாள். உங்களுக்கு அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அது பொய்யில்லை.

ஒருநாள் நான் வேலைக்கு வந்தபோது மேடம் சிரிக்கும் சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டது. என்னோடு அவர் சிரித்ததில்லை. உள்ளே போனேன். தட்டில் பாண் துண்டு பாதி சாப்பிட்டிருந்தது. பயம் இல்லாமலே சாப்பிட்டிருக்கிறார். நிறோஷினி மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “இவ டோரா இல்லை. இவ செலின். சொல்லுங்கோ பாப்பம், செ-லின்” என்று ஆங்கிலத்தில் படிப்பித்தாள். மேடம் என்னைப் பார்த்தார். நிறோஷினியின் தோளுக்குப் பின்னால் கொஞ்சம் நகர்ந்து இருந்தார்.

நான் பொறுப்பதிகாரியிடம் போனேன். கதவு திறந்திருந்தால் மேடத்துக்கு அமைதி இல்லை, பல முகங்கள் வந்து போவதும் நல்லதில்லை, ஒரே ஆள் பார்ப்பதுதான் நல்லது என்றேன். நான் சொன்னால் அவர்கள் கேட்பார்கள், மேடத்தை எழுப்பி நடக்கவைத்தவள் நான். கதவு சாத்தியிருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லப்பட்டது. நிறோஷினியைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். மேடம் அன்று பின்னேரம் முழுவதும் யன்னலடியில் இருந்தார்.

இனி அந்த நாள். பள்ளிக்கூடங்களுக்குக் குளிர்கால விடுமுறைக் கிழமை. பிள்ளை குட்டிக்காரர்கள் எல்லோரும் லீவு, ஆட்கள் குறைவு. காலையில் நிறோஷினி தன் பகுதியிலிருந்து ஒளித்து வந்து மேடத்தோடு குருவிக்குத் தீனி போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அலாரத்தைத் திரும்பப் போட மறந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியும். கதவுக்கு மேலே இருக்கும் சிவப்பு வெளிச்சம் எரியாததைக் காலையிலேயே கண்டேன். வேண்டுமென்றுதான் விட்டேன் என்று சொல்ல மாட்டேன். போட வேண்டும் என்று நினைத்தேன், போடவில்லை.

பின்னேரம் மேடம் கோப்பியும் கேக்கும் வேண்டாம் என்றார். என் கையைத் தட்டிவிட்டார். “அந்தப் பிள்ளை எங்கே” என்று கேட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

நடைபாதையில் யாரும் இல்லை. கைப்பிடியைப் பாதிவரை திருப்பினேன். நிறுத்தினேன். உள்ளே மூச்சுச் சத்தம். மிச்சத்தைத் திருப்பினேன். விட்டேன். வழமையாக இந்த இடத்தில் நான் உள்ளே போவேன். அன்றைக்குப் போகவில்லை. திரும்பவும் திருப்பினேன். அந்தப் பிள்ளையைக் கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் யார் வந்து காப்பாற்றுவது என்பது அவருக்கு மறந்துவிட்டிருந்தது. அதை நினைவுபடுத்துவது பொறுப்பாளரின் வேலை.

“டோரா” என்று கூப்பிட்டார். “டோரா, தயவுசெய்து.” கைப்பிடியைத் திருப்பினேன். கதிரை விழுந்தது. ஏதோ கண்ணாடி உடைந்தது. அவர் அழுவது வயதான பெண்ணின் அழுகையாக இல்லை, சின்னப் பெண்ணின் அழுகையாக இருந்தது. அம்மா, அம்மா என்றார்.

பிறகு, “செலின்” என்றார்.

தெளிவாகச் சொன்னார். நிறோஷினி படிப்பித்தது மாதிரியே இரண்டாகப் பிரித்துச் சொன்னார். “செ-லின். செலின், வா.”

அண்ணை, என் பெயரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. வீட்டில் புருஷனுக்கு நான் ‘இஞ்சேரும்’, பிள்ளைக்கு டெனிஷில் அம்மா என்கிற ‘மோர்’, வேலையிடத்தில் நிறோஷினியைத் தவிர எல்லோரும் பெயர் அட்டையை வாசிப்பது போல மேரி என்பார்கள். உயிர் முழுவதையும் வாயில் வைத்துக்கொண்டு என்னை ஒருவர் கூப்பிட்டார். என் கை கைப்பிடியில் இருந்தது. திறந்திருந்தால் அவர் என் மேல் விழுந்திருப்பார். ஆனால் திறந்தால் கூப்பிடுவது நின்றுவிடும். இன்னும் ஒருமுறை கேட்க வேண்டும் என்று இருந்தது. கைப்பிடியைத் திருப்பினேன்.

இன்னும் ஒருமுறை கூப்பிட்டார். நான் திரும்பவும் திருப்பினேன்.

அதன் பிறகு கதவின் அடியால் குளிர்காற்று வந்து என் கணுக்காலில் பட்டது. தோட்டத்துக் கதவு திறந்துவிட்டது என்று அப்போதே தெரியும். வெளியில் முழங்கால் அளவு பனி, மேடம் காலில் வீட்டுச் செருப்பு. எல்லாம் தெரியும். இனிமேலும் கூப்பிடுவார் என்று நின்றேன். காற்று மட்டும் வந்தது. அது வந்துகொண்டிருக்கிற வரைக்கும் நான் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டுதான் நின்றேன், உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும். பிறகு போய் மற்றவர்களுக்குக் கோப்பி ஊற்றினேன். இருட்டுப்பட்ட பிறகு, வேலை முடிந்து போகிற வழியில் நிறோஷினிதான் மேடத்தைக் கண்டெடுத்தாள். அவள் கத்தியதைக் கேட்டுத்தான் எல்லோரும் ஓடினோம். நானும் ஓடினேன்.

இவ்வளவுதான். குறைக்காமல் சொல்லிவிட்டேன். கையெழுத்து வைக்கிறேன். ஆனால் ஒன்றைத் திருத்த வேண்டும், அதற்காகத்தான் முக்கியமாக வந்தேன்.

நிறோஷினி அழுதுகொண்டு உங்களிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. பனியில் மேடத்தின் கால்தடம் முதலில் தன் பகுதி யன்னலடிக்கு வந்திருக்கிறது, கண்ணாடியில் கை வைத்த அடையாளம் இருக்கிறது, தன்னைத் தேடித்தான் மேடம் வந்திருக்கிறார், தான் உள்ளே வேறொருவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை, யாரும் திறக்காதபடியால்தான் ஏரிப் பக்கம் போய்விட்டார் என்று சொன்னாள். அவள் சின்னப் பிள்ளை, மனம் பேதலித்துச் சொல்கிறாள். பனி தள்ளிய பாதை அந்தப் பக்கம்தான் போகிறது, யார் இறங்கினாலும் கால் அங்கேதான் போகும். அதை வைத்துக்கொண்டு அவள் பெயரை எழுதிவிடாதீர்கள்.

மேடம் கூப்பிட்டது என்னை. பயத்தில் ஒரு ஆளைத் தனியாக விடுவது மகா பாவம், அண்ணை, அதை நான் செய்யவில்லை. கடைசிவரை கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன்.